ஏலக்காரம்மாவின் தொண்டை

ராயபுரம் பக்கம் என்னைப் 'பேசுற டாக்டரம்மா' என்பார்கள். நான் டாக்டர் இல்லை. மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர் என்பதுதான் என் வேலையின் பெயர். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ஒரு சமூக மருத்துவமனையில் சேர்ந்த புதிதில், வருகிறவர்களிடம் இதைப் பொறுமையாக விளக்கிப் பார்த்தேன்.

"அப்ப நீ ஊசி போட மாட்ட?"

"மாட்டேன்."

"மாத்திரை?"

"அதை டாக்டர்தான் எழுதுவார்."

"அப்பால நீ இன்னாதான் பண்ணுவ?"

"பேசுவேன்."

அவ்வளவுதான், பெயர் ஒட்டிக்கொண்டது. சும்மா உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு சம்பளமா என்கிற கேலியும் அதில் உண்டு. எனக்கு மூக்கு நுனியில் கோபம். பேசுவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவளுக்கு இருக்கக்கூடாத குணம், ஆனாலும் இருந்தது.

என் அறை தடுப்பூசி போடும் அறைக்கு அடுத்தது. குழந்தைகள் வீறிடுகிற சத்தத்துக்கு நடுவில்தான் ஒருவர் தன் துக்கத்தைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், எண்ணூரில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், வியாசர்பாடி குடியிருப்புப் பெண்கள் எல்லாரும் வருவார்கள். மனசு சரியில்லை என்று யாரும் ஆரம்பித்ததில்லை. தலை கிர்ருங்குது, நெஞ்சு படபடங்குது, வயித்துல ஏதோ ஓடுது என்பார்கள். நான் பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர். எங்கள் வீட்டிலும் கவலைக்கு வயிற்றுவலி என்றுதான் பேர். அதனால் எனக்கு அது புரியும். மனநல மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் காலையில் வந்து போவார். மற்ற நாட்களில் நானும் அந்தக் குழந்தைகளின் அழுகையும்தான்.

அப்படி ஒரு நாளில்தான் ஐஸ் உடைக்கிறவர் வந்தார். காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஐஸ் பாக்டரியில் வேலை. ஐம்பது வயது இருக்கும். கைகள் எப்போதும் நனைந்த மாதிரி வெளுத்திருந்தன. உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, நோய் தனக்கில்லை, மனைவிக்கு என்றார்.

மனைவி காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். படகு வந்ததும் மீனைக் கரையில் கொட்டுவார்கள். படகு முதலாளி யாரிடம் ஏலத்தை ஒப்படைக்கிறாரோ அவர்தான் கூவ வேண்டும். ஓட்டல்காரர்கள், வேன்காரர்கள், கூடைக்காரப் பெண்கள் எல்லாரும் சூழ்ந்து நின்று கத்துகிற இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் எழும்பி நிற்க வேண்டும். ஆண்களுக்கு நடுவில் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, இருபது வருடமாக அங்கே நின்றவர் இந்தம்மா. கடையோ படகோ எதுவும் சொந்தமில்லை. தொண்டைதான் முதல்.

"தூங்கி எத்தினியோ நாளாச்சி," என்றார் கணவர். "பேச்சு நிக்கல. ஏலத்துல படபடன்னு பேசறதுதான வேலை, அங்க யாருக்கும் வித்யாசமா தெரியல. இன்னிக்கு நல்லா கூவறாளேன்னு சந்தோசப்படறாங்க. எனுக்குத்தாம்மா தெரியும். வூட்ல கொயம்பு சட்டிய வெச்சிகினு ஏலம் வுட்டுகினு கீறா."

அந்தம்மாவுக்கு முன்பும் ஒரு தடவை இப்படி வந்திருக்கிறது. கடைசிப் பிள்ளை பிறந்த சமயம். அப்போது சொந்தக்காரர்கள் ஓரிடத்துக்குக் கூட்டிப்போய்க் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து ஆஸ்பத்திரி, டாக்டர், வைத்தியம் என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் அருவாமனையைத் தூக்குவாராம்.

"அப்ப நானும் ஒரு பக்கம் கவுறு புடிச்சேன்," என்றார். "மறுக்கா என்னால முடியாதும்மா." பிறகு குரலைத் தாழ்த்தி, "டீல கலந்து குடுக்கற மருந்து ஒண்ணு கீதாமே. தண்ணி மாரி, வாசனையே இல்லியாம். அத்த எயுதிக் குடுக்கச் சொல்லேன்," என்றார்.

அந்தக் காலத்தில் இது ஊரறிந்த ரகசியம். சாம்பாரில், மோரில், பாயசத்தில்கூடக் கலந்து கொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வேறு வழி தெரியாமல் அன்பால் செய்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் எங்கள் டாக்டரும் நானும் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தோம். ஆளைப் பார்க்காமல் மருந்து இல்லை, ஆளுக்குத் தெரியாமலும் இல்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப நீயே வந்து அவகிட்ட சொல்லு, பாப்போம்," என்று எழுந்துவிட்டார். நியாயமான பேச்சு. போனேன்.

விடிகிற நேரம். கரையில் காலை வைத்தாலே வழுக்கியது. அந்தம்மா கூடைகளுக்கு நடுவில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். முதல் கூடை ஏலத்துக்கு முன்னால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கணவர் வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுவருவார். முதல் டம்ளர், அன்றைக்கு மீன் கொண்டுவந்த படகின் டிரைவருக்கு. கடலில் கிடந்துவிட்டு வந்தவன் வாயில் சூடு படாமல் அவன் மீனுக்கு விலை கேட்கக்கூடாது என்பது அவர் கணக்கு. டிரைவர் குடித்த பிறகுதான் தான் குடிப்பார். அந்த டம்ளர் கைமாறுகிறதை நான் அன்றைக்குப் பார்த்தேன், அழகாக இருந்தது.

பிறகு பக்கத்தில் போய், "அக்கா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வரேன். தூக்கம் எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டென்று என் கையைப் பிடித்துக் கூடைகளுக்கு நடுவே இழுத்து நிறுத்தி, ஏலக் குரலில் கூவ ஆரம்பித்துவிட்டார்.

"பேசுற டாக்டரு, பேசுற டாக்டரு! ஊசியும் போடாது, மாத்திரையும் குடுக்காது! வஞ்சிரத்தோட சேத்து எடுத்துக்க! யாருக்கு வேணும்? கேளு, கேளு!"

கரையே சிரித்தது. ஒரு ஆள்கூட என்னைக் கேட்கவில்லை. வஞ்சிரம் மட்டும் போயிற்று. மீன் கழுவின தண்ணீர் ஒரு வாளி என் காலில் விழுந்ததும் நான் திரும்பி நடந்தேன். கோபம் கோபமாக வந்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்பதைப் பார்த்ததும் சிரிப்பும் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை வீட்டுப் பக்கம் போனேன். கதவு திறக்கவில்லை. கணவரும் எங்கள் பக்கம் வரவில்லை.

சில வாரங்கள் கழித்து, டாக்டர் வருகிற நாளில், ஓர் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓர் இளைஞனைத் தாங்கி இறக்கினார்கள். விசைப்படகு டிரைவராம். கழுத்து ஒரு பக்கமாகத் திருகி முகம் தோளைப் பார்த்து நின்றது. வாய் கோணியிருந்தது. நாக்கு தடித்து வெளியே தள்ளி, பேச முடியாமல் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கூட வந்த கூட்டம் ஆளுக்கொன்று சொல்லிற்று. காத்து அடிச்சிடுச்சி என்றது ஒரு குரல். அம்மன் என்றது இன்னொன்று.

"செய்வினை," என்றது மூன்றாவது குரல். அடையாளமே தெரியாதபடி மாறியிருந்த ஏலக்காரம்மாவின் குரல். "எனுக்கு வெச்சது இவன் மேல பாஞ்சிடுச்சி."

டாக்டர் அந்த இளைஞனைப் பார்த்த உடனே தாதியிடம் ஊசி எடுக்கச் சொன்னார். மனநோய்க்குக் கொடுக்கிற சில மருந்துகள் சிலருக்கு, அதுவும் வாலிபப் பிள்ளைகளுக்கு, இப்படிக் கழுத்தை முறுக்கிவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஊசி போட்டால் இறங்கிவிடும். இறங்கிற்று. கொஞ்ச நேரத்தில் கழுத்து தானாக நேரே வந்தது. அவன் வாயைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தான். கூட்டத்தில் ஒருவர் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ன மாத்திரை சாப்பிட்டே?" என்றார் டாக்டர்.

"ஒண்ணியும் இல்ல சார்."

"யோசிச்சுச் சொல்லு. சிரப்பு, சொட்டு மருந்து, எதாவது?"

"சத்தியமா இல்ல சார். என்ஜின் ரிப்பேரு, படகு கரையிலயே கீது. காலீல வந்து அக்காவாண்ட குந்திகினு டீ குடிப்பேன். அவ்ளோதான். இந்த வாரம் பூரா நாஸ்தாவே அக்கா டீதான்."

நான் ஏலக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவரது கைகள் மடங்கினபடி மரத்துப்போய் நின்றன. நடை குறுகியிருந்தது. கடைவாயில் எச்சில் ஒழுகுவதை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். கதவோரம் கணவர், கையில் அந்த பிளாஸ்க்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கணவரைத் தனியே வெளியில் கூட்டிப்போய் விசாரிப்பதுதான் வழக்கமான முறை. ஆனால் இந்த அம்மாவைப் பற்றி அவருக்குத் தெரியாமல் பேசினதெல்லாம் போதும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கூட்டத்தை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, டிரைவரும் இருக்க, அந்தம்மாவும் இருக்க, "அதுல என்ன கலந்தீங்க அண்ணா?" என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். எங்கேயோ யாரோ ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கியிருக்கிறார். தனி டம்ளரில் கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள், அதனால் பிளாஸ்கிலேயே ஊற்றிவிட்டேன் என்றார். "தெனம் ஒரு டிரைவரு. ஒருத்தனுக்கு ஒரு டம்ளரு. அதுல இன்னா ஆயிடும்னு நெனச்சேன். இவன் ஒரு வாரமா குந்திப்பான்னு கண்டேனா? அவளுக்கும் பத்தலன்னு கூடக் கொஞ்சம் வுட்டேன்."

ஏலக்காரம்மா முதலில் டிரைவரிடம்தான் திரும்பினார்.

"உனுக்கு இப்ப செரியாப் பூட்ச்சா நைனா?"

"ஆச்சுக்கா."

பிறகு கணவரிடம். நாக்கு தடித்திருந்ததால் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "கொரலு போச்சின்னு நான் அயுதேனே. யாரோ நாக்கக் கட்டிட்டாங்கன்னு எலுமிச்சம்பயம் அறுத்தேனே. அந்தப் பயத்த வாங்கினு வந்தது யாரு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீதான்யா வாங்கினு வந்த."

அந்தக் குறுகின நடையோடு வெளியே போய்விட்டார். அடிப்பார், கத்துவார் என்றுதான் நான் எதிர்பார்த்து நின்றேன். ஐஸ் உடைக்கிறவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நல்ல மனுஷன். ஆனால் அன்றைக்கு எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகான நாட்களில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. மருந்து நின்றால் கை கால் இளகும், குரல் திரும்பும். பின்னாலேயே நோயும் திரும்பும். ஏற்கெனவே கூவ முடியாமல் திணறினதில் இரண்டு படகு முதலாளிகள் வேறு ஆளிடம் ஏலத்தைக் கொடுத்துவிட்டார்களாம். நோய் முற்றினால் மிச்ச இடமும் போகும். மருந்து சாப்பிட்டால் தொண்டை போகும் என்று இனி அவர் நம்புவார். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கரையில் அவர் நிற்கிற இடம் பறிபோகும். அதை நினைத்து நினைத்து எனக்கு வேலையே ஓடவில்லை.

அடுத்த வாரமே வந்துவிட்டார். தனியாக வந்தார். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, என் எதிரில் உட்கார்ந்தார்.

"எனுக்கு இன்னா நோவு? எனுக்குச் சொல்லு. அந்த ஆளுக்குச் சொன்ன மாரி எனுக்குச் சொல்லு."

சொன்னேன். மனசு சில காலம் தலைதெறிக்க ஓடும், தூக்கம் வேண்டாம் என்று சொல்லும், எல்லாம் தன் கையில் என்று தோன்றும், அப்புறம் கீழே தள்ளும். சர்க்கரை வியாதி மாதிரி, கட்டுக்குள் வைக்கலாம். அவர் கண்ணை எடுக்காமல் கேட்டார். நடுவில் ஒரே ஒரு தடவை, "அப்ப அந்தச் சின்னப் புள்ளையப் பெத்தப்ப வந்ததும் இதானா?" என்றார். ஆமாம் என்றேன்.

"நோவுன்னா மருந்த என் கைல குடு," என்றார். "ஆனா தொண்ட போச்சின்னா உன் மாத்திரை கடலுக்குப் பூடும்."

அன்றைக்கு டாக்டர் அறையில் நடந்த பேரத்தை நான் மறக்கவே மாட்டேன். நாக்கை இறுக்காத வேறு மாத்திரை இருக்கிறது, ராத்திரிக்கு மூன்று என்றார் டாக்டர். ஒண்ணு என்றார் அந்தம்மா. ஒன்று போட்டால் பிரயோசனமில்லை, மூன்று என்றார் டாக்டர். "ஒண்ணர. யாருக்கும் இவ்ளோ ஏத்தினது இல்ல, ஒண்ணர!" என்று குரல் உயர்ந்தது. டாக்டர் நல்ல படிப்பாளி, ஆனால் காசிமேட்டுப் பேரம் பழகாதவர். இரண்டில் ஆரம்பிப்பது, இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துத் தேவையென்றால் மூன்று என்று முடிந்தது. எழுந்து போகும்போது, "மொதல்லயே ரெண்டுன்னு சொல்லியிருந்தா நேரம் மிச்சம்," என்று அந்தம்மா டாக்டரையே குற்றம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வரைக்கும் போக வேண்டித்தான் இருந்தது. அதற்கும் ஒரு சண்டை போட்டார். ஆனால் தூக்கம் வந்தது, பேச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது, தொண்டையும் பழையபடி திறந்தது. கரையில் போய் நின்று, எனக்குத் தலையில் ஒரு நோவு, மருந்து சாப்பிடுகிறேன் என்று தானே சொல்லிவிட்டாராம். ரகசியமாகச் சொன்னால் பத்து விதமாகப் பேசுவார்கள், கூவிச் சொன்னால் ஒரு விதமாகத்தான் பேசுவார்கள் என்பது அவர் வாதம். படகு முதலாளிகள் தயங்கத்தான் செய்தார்கள். என்ஜின் சரியாகி முதல் நடை போய்வந்த அந்த டிரைவர்தான், மீனை வேறு ஆளிடம் கொட்டப் போன பையன்களை நிறுத்தி, "அக்காவாண்ட போடு," என்றானாம். கழுத்து திருகினவனே சொன்ன பிறகு மற்றவர்களுக்குப் பேச வாயில்லை. இதைச் சொல்லும்போது அந்தம்மாவுக்குக் கண் கலங்கிற்று. எனக்கும்தான்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. மாதாமாதம் மாத்திரைக்கு வருவார். கணவரும் கூட வருவார், ஆனால் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார். அவர் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட அந்தம்மா வாங்குவதில்லை. தன் சோறு, தன் டீ, தன் செம்பு எல்லாம் தனி. மூடி போட்ட செம்பு. ஒரு வருடத்துக்குமேல் இப்படி ஓடிற்று. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், அவர் கெட்டது நினைச்சுச் செய்யலியே அக்கா என்றேன்.

"தெரியும். கோவமெல்லாம் எப்பவோ பூட்ச்சி," என்றார். "எனுக்கு நோவுன்னு அந்தாளுக்குத் தெரியும். உனுக்குத் தெரியும். மருந்துக் கடைக்காரனுக்குத் தெரியும். எனுக்கு மட்டும் தெரியாது. அத்தத்தான் தாங்கிக்க முடியல." மாத்திரைக் கவரை மடித்து இடுப்பில் செருகினார். "மறுக்கா எனுக்குத் தலைக்கேறிச்சின்னா என் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லச் சொல்லு. நான் அடிப்பேன், மானம் போற மாரி திட்டுவேன். இருந்தாலும் சொல்லணும். அதுக்குத் தில்லு இருந்தா அப்பால பாக்கலாம்."

கேட்டுக்கு வெளியே போய் அப்படியே சொன்னேன். தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அதற்கும் பிறகு, ஒரு கல்யாண சீசனில், உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று அந்தம்மா மாத்திரையை விட்டுவிட்டார். எனக்கு இது தெரியாது. ஒருநாள் காலையில் தாழ்வாரத்தில் பெருங்குரல் கேட்டது. வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் பேர் வைத்துக்கொண்டு, தாதியின் புடவையைப் புகழ்ந்துகொண்டு, மூச்சு விடாமல் பேசிக்கொண்டே வந்தார் ஏலக்காரம்மா. கண் சிவந்திருந்தது. தூங்கி எத்தனை நாளோ. பின்னால் கணவர். இந்தத் தடவை கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருந்தார். நெற்றியில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு வீக்கம்.

"இன்னா பாக்கற?" என்றார் அந்தம்மா என்னிடம். "எனுக்கு மறுபடி தலைக்கேறிகிச்சாம். காலீல எதிர்ல வந்து நின்னுகினு சொல்றான். தட்டால ரெண்டு வெச்சேன். ரத்தம் கட்டிகிச்சி, அப்பவும் அதையே சொல்றான். பொய் சொல்றவனா இருந்தா ரெண்டாவது அடிக்கு மாத்திப் பேசியிருப்பான்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டாக்டரக் கூப்டு."